அம்மா எங்கே என்பது குறித்து

மார்ச் 3

தம்பிக்கு,

இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிக்கா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுகிறாய். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வது நான். எழுத்தில் நடுவே புகுந்து சரிக்கா சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா பக்கத்துக் கட்டில்காரரை அடித்துவிட்டார். எவர்சில்வர் டம்ளரால், புருவத்துக்கு மேலே. தையல் போட்டிருக்கிறார்கள். அடிபட்டவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். முதியோர் இல்லத்தில் பேங்க்காரர் என்று கூப்பிடுகிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு கிடையாது. ஆகவே அவர் அப்பாவை ஏதாவது சொல்லி உசுப்பியிருக்க வழியில்லை.

வார்டன் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அடி என்ற சொல்லைப் புழங்குவதில்லை. சம்பவம் என்பார். குளிப்பாட்ட வந்த ஆயாவின் முடியைப் பிடித்தது ஒரு சம்பவம். அட்டெண்டர் மேல் செருப்பு எறிந்தது ஒரு சம்பவம். டம்ளர், பெரிய சம்பவம். இடைப்பட்ட நேரங்களில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார். அதற்குப் பெயர் ஓய்வு.

இரண்டில் ஒன்று செய்ய வேண்டுமாம். ஒன்று, அமைதியாக இருக்க மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். மாத்திரை கொடுத்த பிறகு எப்படி இருப்பார் என்று கேட்டேன். கூடத்தில் தாடையைக் கீழே விட்டபடி நாற்காலியில் சரிந்திருந்த ஒருவரைக் காட்டி, "இவரு போன வருஷம் கதவை ஒடச்சவரு" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

மாத்திரைக்கு வீட்டார் சம்மதம் வேண்டும். மகன் சம்மதித்தால் நல்லது என்றார்கள். தினமும் போய்வருகிற மகளின் சொல் தூரத்தில் இருக்கிற மகனின் சொல் அளவுக்குக் கனமில்லை போலிருக்கிறது. தபாலில் வருவதால் எடை கூடும்.

வீட்டுக்குக் கூட்டிவருவது நடக்காது. என்னோடு இருந்தபோது அவர் உன் அத்தானை பால்கனியில் வைத்துப் பூட்டியது உனக்குத் தெரியும். இதய ஆபரேஷன் ஆன மனிதர், மழையில் நின்றார்.

அம்மா போய் வருஷமாகப் போகிறது. அது மட்டும் அப்பாவின் நினைவில் நிற்கவே இல்லை. தினமும் கேட்கிறார். சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நானும் தினமும் சொல்கிறேன்.

உன் பதிலை எழுது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விஷயத்தை நிதானமாக அணுக வேண்டும் என்பது என் கருத்து. இருபக்கமும் கேட்காமல் யார் மேல் தப்பு என்று முடிவுகட்டுவது எங்கள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிடையாது. பேங்க்காரர் தரப்பு என்ன என்று விசாரித்தாயா? பேச்சில்லை என்கிறாய். சாட்சிகள் இருப்பார்களே.

முதலாவதாக, அப்பா வாழ்நாள் முழுக்க நில அளவையாளராக இருந்தவர். அடுத்தவன் வேலி ஒரு சாண் நகர்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பேங்க்காரரின் கட்டில் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கலாம். சக்கரம் வைத்த கட்டில்தானே? இது எல்லைத் தகராறு என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஓர் அலமாரியை வைக்கச் சொல். இரண்டாவதாக ஒன்று எழுத இருந்தேன், மறந்துவிட்டது.

மாத்திரைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். நிறையப் படித்துப் பார்த்தேன். மறதி நோயாளிகள் கை நீட்டுவது பல நேரங்களில் உள்ளே இருக்கிற துக்கத்தால்தானாம். அழ வேண்டிய இடத்தில் அடிக்கிறார்களாம். மாத்திரை கையை நிறுத்தும், துக்கத்தைத் தொடாது என்று ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வார்டனிடம் கொடு.

தவிரவும், நீ எழுதுகிற அளவுக்கு மோசமாக எனக்குப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது நன்றாகத்தான் பேசினார். வழக்கம்போல அம்மா எங்கே என்றார். இங்கே என்கூடத்தான் இருக்கிறாள், குளித்துக்கொண்டிருக்கிறாள், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றேன். "வெந்நி போட்டுக் குடுத்தியா?" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன் என்றேன். திருப்தியாக வைத்துவிட்டார். நம் அப்பாவைச் சமாளிக்க இவ்வளவு போதும், அக்கா. கொஞ்சம் இதமாகப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன்.

எத்தனை காலமாக அம்மா உன் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கிறாள்?

நான் இங்கே நாள் தவறாமல் அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நீ வாரம் ஒருமுறை அவளை உன் வீட்டுக் குளியலறையில் வைத்திருக்கிறாய். அப்பாவுக்கு மறதி என்பதால் இரண்டையும் மறந்துவிடுவார் என்று நாம் இருவரும் தனித்தனியே நினைத்திருக்கிறோம். அவருக்கு மறந்துபோவது நாம் சொன்ன வார்த்தைகள். நாம் பொய் சொல்கிறோம் என்பது மறக்கவில்லை. உலகத்தில் எத்தனையோ குடும்பங்கள் பொய் சொல்கின்றன. அவை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு சொல்கின்றன.

ஆயாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். கொஞ்ச நாளாகவே அப்பா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "என் பொண்ணு ஒண்ணு சொல்றா, பையன் ஒண்ணு சொல்றான். ரெண்டும் சேந்து மறைக்குதுங்க. அவ யார் வீட்லயோ இருக்கா." அவர் தொழில் அதுதானே. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நடுவில் ஏதோ ஆக்கிரமிப்பு நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பேங்க்காரரின் மனைவி தினமும் மதியம் வந்து தன் கையாலேயே அவருக்கு ஊட்டிவிட்டுப் போவார். ஒல்லியான அம்மாள், நரைத்த சின்னக் கொண்டை. செவ்வாய்க்கிழமை அவர் அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊட்டியிருக்கிறார். நான் போய் அதே இடத்தில் நின்று பார்த்தேன். பின்னாலிருந்து அம்மாதான். பின்னாலிருந்து பார்த்தால் வயதான பெண்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய அம்மா மாதிரித்தான் இருக்கிறார்கள்.

பெண்டாட்டியைக் காணோம் என்று மாதக்கணக்காகத் தேடுகிற மனிதர். பிள்ளைகள் மழுப்புகிறார்கள். ஒரு மத்தியானம் அவள் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து இன்னொருவனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கையில் டம்ளர் இருக்கிறது. நீயாக இருந்தால் அலமாரி கேட்டு மனு எழுதியிருப்பாய்.

பேங்க்காரரின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் காரணத்தைக் கேட்டுவிட்டு, கணவரின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு, "இவரு என்னை இவ்வளவு தேடுவாரான்னு தெரியலம்மா" என்றார்.

கட்டுரையை மடித்து அனுப்பியிருந்தாயே, அதை வார்டனிடம் கொடுத்தேன். ரொம்ப நல்லது என்று சொல்லி டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான் சொல்வது இதுதான். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாவிட்டால் பொய்யையாவது ஒன்றாக்குவோம். அம்மா எங்கே இருக்கிறாள் என்று நாம் இருவரும் கூடி முடிவுசெய்ய வேண்டும். பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தினேன். இரண்டு அரசுகள் சேர்ந்து அறிக்கை விடுவதைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேனே தவிர, எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ குத்திக் காட்டாமல் எழுதினால் கடிதம் பாதியாகிவிடும் என்று தெரிகிறது. இருந்தாலும் கருத்து சரி. நான் இறங்கி வருகிறேன். அம்மா என் வீட்டில் இல்லை. சித்தி வீட்டில் இருக்கிறாள்.

ஆனால் சும்மா இருக்கிறாள் என்றால் நிற்காது. ஏன் வரவில்லை என்று கேட்பார். காரணம் திடமாக இருக்க வேண்டும். கண் ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குப் புரை இருந்தது உண்மைதானே. சித்தி ஊரில் நல்ல கண் டாக்டர் இருக்கிறார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கட்டு. குனியக் கூடாது, இருமக் கூடாது, பயணம் கூடவே கூடாது. போனில் பேசினால் கண்ணுக்கு அழுத்தம். கறுப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். முதலில் போட மாட்டேன் என்றாள், சித்தி சத்தம் போட்ட பிறகு போட்டுக்கொண்டாள். டாக்டர் இளைஞர், பொறுமையானவர். இந்த அளவுக்கு விவரம் இருந்தால்தான் இன்ஷூரன்ஸ் கிளெய்மை எவரும் சந்தேகிக்க மாட்டார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

நேற்று இதை ஒரு முறை என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி வரும்போது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இனிமேல் நானும் இதையே சொல்கிறேன். குளிக்கிறாள் என்று சொல்வது எளிதாக இருந்தது. சொல்லும்போது உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். பரவாயில்லை.

மாத்திரை வேண்டாம். அதில் மாற்றமில்லை.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

நம் கூட்டறிக்கை இரண்டு வாரம் நன்றாக ஓடியது. நீயும் நானும் ஒரே குரலில் பேசியதும் அப்பா சந்தேகத்தை விட்டுவிட்டார். பேங்க்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வார்டன் அம்மா சம்பவம் எதுவும் இல்லை என்று மகிழ்ந்தார்.

ஆனால் பொய்யை அவ்வளவு நன்றாகச் செய்திருக்கக் கூடாது. சந்தேகம் போன இடத்தில் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டு இன்னுமா பிரிக்கவில்லை, ராத்திரி பாத்ரூமுக்கு யார் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார்கள், படி இருக்கிற வீடாயிற்றே என்று ஆரம்பித்தார். கண் போய்விட்டது, அதைத்தான் மறைக்கிறோம் என்று தானே முடிவு செய்துவிட்டார். போன வியாழக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு, தலையணை உறையில் துண்டையும் சோப்பையும் போட்டுக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்திருக்கிறார். அட்டெண்டர் தடுத்தான். அப்பா அவன் கையைக் கடித்துவிட்டார். சதை பெயர்ந்திருக்கிறது. அவன் நல்ல பையன், வீட்டில் கைக்குழந்தை. இனிமேல் அப்பா அறைக்குப் போக மாட்டேன் என்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் போனபோது அப்பாவை நாற்காலியில் வைத்துக் கட்டியிருந்தார்கள். படுக்கை விரிப்பை நீளமாக மடித்து, வயிற்றைச் சுற்றி ஒன்று, மணிக்கட்டுகளுக்கு ஒவ்வொன்று. அதற்குப் பாதுகாப்புத் துணி என்று பெயராம். எதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள், தம்பி. நம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நாம் வைத்ததைப் போல.

அவர் திமிறவில்லை. நான் வந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"உங்கம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சா?"

என்னால் அதற்கு மேல் அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தூக்க முடியவில்லை. "கண்ணு இல்லப்பா. அம்மா இறந்துட்டா" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பொய்யா என்று அளந்திருப்பார்.

"எப்ப?"

"போன வருஷம்பா."

"நான் எங்க இருந்தேன்?"

"அங்கதான். அம்மா பக்கத்துலயே இருந்தீங்க."

"அழுதேனா?"

"இல்லப்பா."

"ஏன்?"

வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தீங்க என்றேன். அது உண்மை.

அதன் பிறகு அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி அழுவதை நான் பார்த்ததில்லை. கை கட்டியிருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அவிழ்க்கச் சொன்னேன். அடிப்பாரே என்றார்கள். நான்தான் துடைத்தேன்.

அன்றிலிருந்து யாரையும் அடிக்கவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நல்ல முன்னேற்றம் என்கிறார் வார்டன் அம்மா.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

அன்புள்ள என்று எழுத வரவில்லை. மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். உன் கடிதம் அப்போது வந்து சேரவில்லை. கட்டுப் பிரித்துவிட்டார்கள், அம்மா பேப்பர் தலைப்பெல்லாம் படிக்கிறாள் என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். அப்பா போனை வாங்க மாட்டேன் என்றுவிட்டதாக ஆயா சொன்னாள். நான் காத்திருந்தேன். பின்னால் யாரோ தட்டு அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டாள்.

மறுநாள் உன் கடிதம்.

யாரைக் கேட்டுச் சொன்னாய்? கூடி முடிவு செய்வோம் என்று எழுதியது நீ. நான் உன் நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டு என் வீட்டிலிருந்து அம்மாவை அனுப்பிவைத்தேன். நீ ஒரு மத்தியானத்தில் தனியாக முடித்துவிட்டாய். எப்போதும் இப்படித்தான். அப்பாவை இல்லத்தில் விட்டதும் விட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

உண்மை பேசுவதில் உனக்கு அவ்வளவு பிரியம் என்றால் அன்றைக்குப் பேசியிருக்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வசதிப்பட்டால் வா என்றீர்கள். வசதிப்பட்டால். நான் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, இருந்த வேலையை ஒப்படைத்துவிட்டு, அம்மாவுக்குப் பிடிக்குமென்று ஒரு கம்பளிப் போர்வை வாங்கிக்கொண்டு வந்தேன். வந்தபோது வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்காக ஒரு ராத்திரி வைத்திருக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வெயில் காலம் என்றாய். அதுவும் உண்மைதான். நீ சொல்வதெல்லாம் உண்மைதான்.

எனக்கு அம்மா இறந்ததற்குச் சாட்சி ஒரு காலி அறையும் நீ சொன்னதும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குளித்துக்கொண்டிருந்தால் உனக்கு என்ன குறைந்துவிட்டது?

அப்பாவுக்கு ஏதாவது ஆனால் உன்னால்தான்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

கோபத்தில் நீ நன்றாக எழுதுகிறாய். கடிதத்தில் ஒரு 'முதலாவதாக' கூட இல்லை. நீ சொன்னதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. மீதிப் பாதிக்கு இருக்கிறது, இப்போது எழுதப்போவதில்லை. வேறு விஷயம் இருக்கிறது.

அப்பா மறந்துவிட்டார். நான் சொன்னது இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அம்மா இறந்தது அவருக்குத் தெரியாது. ஆனால் அதற்காக வந்த துக்கம் போகவில்லை. எதற்காக என்று தெரியாத துக்கம், தம்பி. காரணம் தெரிந்தால் அதைச் சொல்லி அழலாம். எதிரே இருப்பவர் ஆமாம் என்று தலையாட்டலாம். இவருக்கு அதுவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். திருப்பிப் போட்டால் கூரையைப் பார்க்கிறார். அம்மா எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டார். தண்ணீர் கேட்பதையும் நிறுத்திவிட்டார். ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறார். விழுங்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும்.

நேற்று ஆயா சவரம் செய்யும்போது கன்னத்தில் வெட்டிவிட்டாள். ரத்தம் கழுத்துவரை வந்தது. அவர் அசையவில்லை. அவள் கையைத் தட்டிவிடவில்லை. எனக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது. இந்த மனிதர் ஆறிய டீயைக் கொடுத்ததற்கு டம்ளரோடு ஜன்னலுக்கு வெளியே வீசியவர்.

இல்லத்தில் இவர்தான் இப்போது நல்ல நோயாளி. சேர்க்க வருகிற குடும்பங்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டும்போது அப்பா அறையையும் காட்டுகிறார்கள். போன வாரம் ஒரு குடும்பம் வாசலில் நின்று பார்த்தது. எவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்று அந்தப் பெண் தன் புருஷனிடம் சொன்னாள். மாத்திரை இல்லாமலேயே இப்படி என்று வார்டன் அம்மா விளக்கினார்.

டாக்டர் வந்தார். எடை இறங்கிக்கொண்டே போகிறது, இப்படியே போனால் அதிக நாள் தாங்காது என்றார். கோபமாக இருந்தபோது சாப்பிட்டாரா என்று கேட்டார். சாப்பிட்டார், சாப்பாடு சரியில்லை என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டார் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

ஆகவே கேட்கிறேன். எனக்கு இதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நீ யோசித்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய். அவர் வாங்காவிட்டாலும் ஆயாவைக் காதில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா உன் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல். நீ சொன்னால் நம்புவார். நம்பாமல் யார் மேலாவது டம்ளரை எறிந்தாலும் சரி. நான் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம்.

ஆயா போனை அவர் காதில் வைத்தாள். மூச்சு கேட்டது. "அப்பா, நான்தான். அம்மா இங்கதான் இருக்கா, குளிச்சிக்கிட்டு இருக்கா" என்றேன். பதில் இல்லை. வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்றேன். பதில் இல்லை. இன்னும் ஏதேதோ சொன்னேன். சோப்பு தீர்ந்துவிட்டது, புதிது எடுத்துக் கொடுத்தேன் என்றுகூடச் சொன்னேன். பேசப் பேச எனக்கே அந்தக் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது தெரிந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் பேசினார். குரல் சின்னதாக இருந்தது. ஆனால் பழைய குரல்.

"தம்பி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றேன். யாரும் இல்லை.

"உக்காந்துக்க" என்றார். உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மாவுக்கு ஒடம்பு கொஞ்சம் முடியல. டாக்டருங்க பாத்துக்கிட்டிருக்காங்க. பயப்பட ஒண்ணுமில்ல. எதுக்கும் நீ கெளம்பி வந்துடு."

நான் என்ன செய்வேன், சொல். நம் வீட்டில் சாவை இப்படித்தான் சொல்வார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். மனதைத் தேற்ற ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்து, உட்காரவைத்து, அரைகுறையாகச் சொல்வது. அப்பாவுக்கு அது நினைவிருந்து சொன்னாரா, நான் சொன்ன பொய்க்கு இரக்கப்பட்டுச் சொன்னாரா, வாய்ப் பழக்கத்தில் சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. டாக்டர்களைக் கேட்காதே. அவர்கள் ஒரு பெயர் வைப்பார்கள்.

"கெளம்பிட்டேம்பா" என்றேன். அதற்குப் பிறகு அழுதுவிட்டேன். அவர் போனை வைக்கவில்லை. நான் முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிக்கெட் எடுத்திருக்கிறேன். இருபதாம் தேதி வருகிறேன். அலுவலகத்தில் காரணம் கேட்டார்கள். தாயார் காலமாகிவிட்டார் என்றேன். போன வருஷமே சொன்னீர்களே என்றார்கள்.

தம்பி


மே 16

தம்பிக்கு,

இதைத் துரிதத் தபாலில் அனுப்புகிறேன். நீ கிளம்புவதற்கு முன் கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிய பிறகு அப்பா எழுந்துவிட்டார். ஆயா அவரைத் தாங்கப் போனாள், தள்ளிவிட்டார். கட்டிலை விட்டு இறங்கி, விரிப்பைத் தானே நீவிவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதிலிருந்து அந்தக் கட்டிலில் படுக்கவில்லை. நாற்காலியிலேயே தூங்குகிறார். கால் வீங்கிவிட்டது.

விரிப்பை மாற்ற வந்த ஆயாவைக் கைத்தடியால் அடித்தார். தரை துடைக்க வந்தவளை அடித்தார். வார்டன் அம்மா நேரில் வந்து இதமாகப் பேசினார், அவருக்கும் ஒன்று. முழங்கையில். சம்பவம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, ஐயோ என்றார். பேங்க்காரரின் மனைவியை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. வாங்க, உட்காருங்க என்றாராம்.

நான் போனேன். கட்டிலைத் தொட்டுவிடாமல் தள்ளி நின்று, என்னப்பா என்று கேட்டேன். என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி கெளம்பிட்டான். அவன் வர்ற வரைக்கும் அம்மாவை எடுக்கக் கூடாது. யார் கேட்டாலும் சொல்லிடு."

சரிப்பா என்றேன். வெயில் காலமாச்சே என்று யாராவது சொல்லுவாங்க, கேக்காத என்றார்.

சாப்பிடுகிறார். உட்கார்ந்த இடத்திலேயே, கட்டிலைப் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக. தெம்பு வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இல்லத்தில் இதற்கு மேல் பொறுக்க மாட்டார்கள். இருபதாம் தேதிவரை விடுங்கள் என்று வார்டன் அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன். அன்று சாயங்காலம் மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். சம்மதம் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கும் இப்போது என் கையெழுத்தே போதும் என்றாகிவிட்டது. நீ திட்டலாம். வேறு இடம் தேடினேன், எங்கும் அடிப்பாரா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மாத்திரைக்குப் பிறகு நீ யார் என்று அவருக்குத் தெரியுமா, எதற்காக உட்கார்ந்திருந்தார் என்பது தெரியுமா, டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. அதனால் சாயங்காலத்துக்கு முன்னால் வந்துவிடு. வண்டி தாமதமானால் இறங்கி வேறு வண்டி பிடி.

வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே. நேராக அங்கே போ. வாசலில் பெயர் கேட்பார்கள், மகன் என்று சொல். நான் கூடத்தில் இருப்பேன், உள்ளே வர மாட்டேன். அறை இடது பக்கம் கடைசி. அப்பா எழுந்து உனக்கு வழி விடுவார். கட்டில் காலியாகத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் போய், நீ என்ன செய்ய வேண்டுமோ செய்.

அக்கா